பேட்டரியில் பறக்கும் சிறு விமானம்: எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம், 'இ-ஹன்சா' என்ற இரு இருக்கை மின்சாரப் பயிற்சி விமானத்தை உருவாக்கி வருவதாக மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங் 2025 மே மாதம் அறிவித்தார். இதன் விலை சுமார் ரூ.2 கோடியாக இருக்கும் என்றும், இறக்குமதி செய்யப்படும் பயிற்சி விமானங்களின் விலையில் ஏறத்தாழ பாதி என்றும் அவர் தெரிவித்தார். பேட்டரியில் இயங்கும் விமானம் நடைமுறைக்கு எந்த அளவுக்கு ஏற்றது என்பதை, ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தைக் கொண்டு மதிப்பிட முடியும்.

முதல் சான்று பெற்ற விமானம்

ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனம் தயாரித்த 'வெலிஸ் எலக்ட்ரோ' விமானத்துக்கு, ஐரோப்பிய ஒன்றிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை 2020 ஜூன் மாதம் வகைச் சான்று வழங்கியது. முழுவதும் மின்சாரத்தில் இயங்கும் ஒரு விமானம் இச்சான்றைப் பெற்றது உலகில் அதுவே முதல்முறை. இருவர் அமரக்கூடிய இந்த விமானத்தின் அதிகபட்ச எடை 600 கிலோ. இதில் தலா சுமார் 70 கிலோ எடையுள்ள இரண்டு பேட்டரிகள் உள்ளன. இது அதிகபட்சம் 50 நிமிடங்கள் வரை பறக்கும். அவசரத் தேவைக்கான இருப்பு தனி.

எடையே தடை

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. விமானத்தில் பொருத்தப்படும் பேட்டரித் தொகுப்பில் கிலோவுக்குச் சுமார் 0.15 கிலோவாட் மணி மட்டுமே கிடைக்கிறது. பெட்ரோல் என்ஜின் தனது ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. மின் மோட்டாரோ ஏறத்தாழ 90 சதவீதத்தை இயக்கமாக மாற்றுகிறது. இதைக் கணக்கில் கொண்டாலும், வெலிஸ் விமானத்தின் 140 கிலோ பேட்டரி செய்யும் வேலையைச் சுமார் 6 கிலோ பெட்ரோல் செய்துவிடும்.

எரிபொருள் தீரத் தீர பெட்ரோல் விமானத்தின் எடை குறையும். பேட்டரியின் எடையோ, மின்சாரம் தீர்ந்த பிறகும் மாறாது. கூடுதல் பேட்டரி வைத்தால் பயணிக்கான எடையைக் குறைக்க வேண்டும். வெலிஸ் விமானத்தில் இருவருக்கும் சேர்த்து அனுமதிக்கப்படும் எடை 172 கிலோ மட்டுமே.

பயிற்சிக்கு ஏன் பொருந்துகிறது?

தொடக்க நிலை மாணவர்கள் ஓடுதளத்திலிருந்து எழும்பி, அதைச் சுற்றிவந்து மீண்டும் தரையிறங்குவதையே திரும்பத் திரும்பப் பயில்கின்றனர். இந்தப் பயிற்சியில் விமானம் நிலையத்தை விட்டு விலகிச் செல்வதில்லை. ஒரு வகுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சத்தமும் குறைவு என்பதால் நிலையத்தைச் சுற்றி வசிப்போருக்குத் தொல்லை குறையும். சிறு விமானங்கள் பலவற்றில் பயன்படும், ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் இராது.

ஆனால் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மின்னேற்றம் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தில் விமானம் வருவாய் ஈட்டாது. பேட்டரி பழையதாகும்போது பறக்கும் நேரம் குறையும். அதை மாற்றும் செலவையும் பயிற்சிப் பள்ளிகள் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடை வெப்பத்தில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இந்தியச் சூழலில் முக்கியமானது.

200 மணி நேரத்தில் எவ்வளவு?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதில் 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் தொலைவுக்கு, வேறு இரு விமான நிலையங்களில் தரையிறங்கிச் செல்லும் பயணமும் அடங்கும். இதை மூன்று சம பகுதிகளாகப் பிரித்தாலும், மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வெலிஸ் போன்ற விமானத்துக்கு ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இன்றைய பேட்டரியால் அது இயலாது.

எனவே மின்சார விமானம், பெட்ரோல் விமானத்துக்கு முழு மாற்றாக அல்லாமல், பயிற்சியின் தொடக்கக் கட்டத்துக்கான துணையாகவே இப்போதைக்கு அமையும். அந்தக் கட்டத்தின் செலவு குறைந்தால், கட்டணச் சுமையால் தயங்கும் மாணவர்களுக்கு அதன் பயன் நேரடியாகக் கிடைக்கும்.