துயரம் பாட்டான வரலாறு

நாவலப்பிட்டியை விட்டு மலையேறும் புகையிரதம் இங்குருஓயா, கல்பொட என்னும் நிலையங்களைக் கடந்து வட்டவளையை அடைகின்றது. பின்னர் ரொசல்லை வழியாக ஹட்டனுக்குச் செல்கின்றது. நாவலப்பிட்டிக்கு 1874-ஆம் ஆண்டிலும் ஹட்டனுக்கு 1884-ஆம் ஆண்டிலும் வந்து சேர்ந்த இந்த இருப்புப்பாதை, தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு அமைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் சரிவிலே கிடப்பதால், இலங்கையில் மிகுதியான மழையைப் பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்றாகும். தேயிலைச் செடிக்கு அம்மழையே உயிர். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அதுவே பெருஞ்சோதனை. தலையிலே கம்பளியும் இடுப்பிலே படங்கும் கட்டிக்கொண்டு, முதுகிலே கூடையைச் சுமந்து, அட்டை கடிக்கும் கால்களோடு அவள் மலைச்சரிவில் நிற்கிறாள். அந்நிலையிலும் மலைநாட்டுப் பெண்கள் பாடினார்கள். அப்பாட்டு எதற்காகப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பது இலங்கைத் தமிழர் வரலாற்றிலே அறியப்பட வேண்டிய ஒரு பகுதியாகும்.

இலங்கையின் மலைகளில் முதலில் செழித்தது காப்பிப் பயிர். 1869-ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். ஆகவே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களிலே தங்கிவிட்டார்கள். அவர்களை மலையோடு பிணைத்தது கடனாகும். வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கிலே ஏறின. ஒருவனுடைய கடன் தீர்க்கப்பட்டால் அவனை விடுவிக்க உடன்படுவதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அச்சீட்டைக் காட்டினாலன்றி வேறு தோட்டத்திலே வேலை கிடையாது. கடனோடு மனிதனும் கைமாறிய இம்முறை 1921-ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

விடியற்காலையில் தப்பு ஒலித்தவுடன் பெரட்டுக் களத்திற்குச் செல்ல வேண்டும். நேரம் தவறினால் அன்று வேலை இல்லை. பறித்த கொழுந்து நிறையில் குறைந்தால் முழுப் பேர் விழாது; அரைப் பேரே கிடைக்கும். அதாவது ஒரு நாள் உழைப்புக்கு அரைநாட் கூலியே கணக்கிலே பதியப்படும். இக்குறையை யாரிடம் சொல்வது? கங்காணியிடம் சொன்னால் கடன் பேசும். கணக்கப்பிள்ளையிடம் சொன்னால் கணக்குப் பேசும். துரையிடம் நேரே சென்று நிற்பதற்கு வழியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வேண்டும், சொன்னவர் இன்னார் என்று தெரியாமல் இருக்கவும் வேண்டும். இந்நெருக்கடியில் அவர்களுக்குக் கைகொடுத்தது பாட்டே.

தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகிய வடிவங்களைத் தம் ஊர்களிலிருந்தே அவர்கள் கொண்டுவந்தார்கள். அவ்வடிவங்களுக்குள் மலைநாட்டு வாழ்வு புகுந்தது. கங்காணியின் கொடுமை கும்மியிலே கேலியாயிற்று. கடல் கடந்து வந்து மாண்டவரின் கதை ஒப்பாரியிலே இடம் பெற்றது. இப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. யார் கட்டியது என்று கேட்டால், எல்லாரும் பாடுவது என்பதே விடை. பெயரின்மை ஒருவகையிலே பாதுகாப்பாக இருந்தது. ஆயினும் அதில் ஒரு குறையும் உண்டு. பெயரற்ற பாட்டு ஒரு மலையிலே எழுந்து அம்மலையிலேயே அடங்கிவிடும். அது மனச்சுமையை இறக்கி வைத்ததேயன்றி, கோரிக்கையாக மாறவில்லை. பாட்டு கோரிக்கையாக மாறுவதற்குக் கூட்டமும் அச்சும் வேண்டியிருந்தன. தன் பெயரை வெளிப்படையாகச் சொல்லிப் பாடும் துணிவுடைய ஒருவரும் வேண்டியிருந்தார்.

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையை நேரிற் காண விரும்பினார். தோட்டம் தனியார் உடைமை. அனுமதியின்றி அயலார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடர்வார்கள். ஆகையால் அவர் புடவை வியாபாரியைப் போல வேடம் பூண்டு லயங்களுக்குள்ளே சென்றார் என்பது வரலாறு. 1924-ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1925-ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1931-ஆம் ஆண்டில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு பணியாற்றினார். 1936-ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபை உறுப்பினரானார். இப்பணிகளிலெல்லாம் அவருடன் உழைத்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை.

பத்திரிகைப் பணியிலே பங்கு கொண்டதோடு நில்லாமல், தொழிலாளர் கூட்டங்களிலே மேடையேறிப் பாடியவர் மீனாட்சியம்மை. பாரதியாரின் பாடல்களைப் பாடினார். தாமும் பாடல்களை இயற்றிப் பாடினார். அவற்றை மக்களுக்கு முன்னரே பழகிய மெட்டுகளிலே அமைத்தார். இதன் பயன் பெரிது. எழுத்தறியாதவரிடையே நீண்ட சொற்பொழிவு ஒருநாள் நினைவிலே தங்கினால் அதிகம். பழகிய மெட்டிலே கேட்ட பாட்டோ கேட்டவருடன் லயத்திற்கே போய்விடும். பேச வருபவரை வாயிற்படியிலே தடுக்கலாம். கேட்டவர் மனத்திலே ஏறிய பாட்டைத் தடுக்க எந்தக் காவலாளாலும் இயலாது. வேடமிட்டு நுழைய வேண்டியிருந்த இடத்திலே பாட்டு வேடமின்றி நுழைந்தது.

அவர் ஒரு பெண்ணாக இருந்ததும் எண்ணத்தக்கது. 1927-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி முதன்முறையாகத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டபோது, மலைநாட்டிலே ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. தேயிலையின் உயிர்நாடியாகிய கொழுந்து பறித்தலைச் செய்தவள் பெண். அவளுக்கே பதினொரு சதம் குறைவு. இந்த வேற்றுமை 1984-ஆம் ஆண்டு வரையில் நீடித்தது. உழைப்பில் முன்னும் கூலியில் பின்னும் நிறுத்தப்பட்ட பெண்கள், தம்மைப் போன்ற ஒருத்தி ஆயிரம் பேர் நடுவே அச்சமின்றிப் பாடுவதைக் கண்டார்கள். அக்காட்சியே அவர்களுக்கு ஒரு பாடமாகும்.

1939-ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களிலே நாட்கூலி பெற்றுவந்த இந்தியரை நீக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார்; இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். இத்தகைய ஆண்டிலேதான் மீனாட்சியம்மையின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. தலைப்பு ஓர் அறிக்கையின் தலைப்பைப் போன்றது. உள்ளே இருந்தவையோ பாட்டுகள். பெயரில்லாமல் மலையிலே உலவிய துயரம் இப்பொழுது பெயரோடும் அச்சோடும் அரசியல் வழக்காக நாட்டின் முன் வைக்கப்பட்டது.

அதே 1940-ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியிலே இதற்கு ஒப்பான ஒரு செயல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 1912-இல் பிறந்தவர் வூடி கத்ரி. தாயை நோய்க்குப் பறிகொடுத்தவர். வறட்சியும் புழுதிப்புயலும் உழவர்களை நிலத்தைவிட்டு விரட்டியபோது, அவர்களோடு மேற்குத் திசை நோக்கிச் சென்றவர். அந்த அகதிகளின் பாட்டை அவர்கள் அறிந்த பழைய மெட்டுகளிலே கட்டி, ஒரு கித்தாரைத் துணையாகக் கொண்டு பாடினார். புழுதி நிலத்தைப் பற்றிய அப்பாடல்கள் 1940-இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ஹட்டனில் உழைத்த அம்மையாரும் அமெரிக்கப் பாடகரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். இருவரும் கண்ட உண்மை ஒன்றே: துன்பப்படுவோருக்கு அவர்களுடைய மெட்டிலேயே அவர்களுடைய நிலைமையை எடுத்துச் சொன்னால், துன்பம் தனியொருவருடையது அன்று என்பது விளங்கிவிடும், அது விளங்கிய இடத்திலே ஒற்றுமை பிறக்கும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கத்ரியின் குரல் இசைத்தட்டிலே நிலைத்தது. 1967-இல் அவர் மறைந்த பின்னரும் உலகம் அதைக் கேட்கின்றது. மீனாட்சியம்மையின் பாடல்கள் அச்சிலேயே நின்றன. 1947-ஆம் ஆண்டு நவம்பரில் நடேசய்யர் காலமானார். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுடன் எத்தனையோ பாட்டுகளும் மலையை விட்டுப் போயின. பாடியவரும் கேட்டவரும் பிரிந்தபின் வாய்மொழிப் பாட்டு எவ்வாறு வாழும்?

இந்த இழப்பை உணர்ந்து செயற்பட்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1914-ஆம் ஆண்டில் மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்தவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954-இல் நூலாகத் தந்து பிறநாட்டாரும் அறியச் செய்தார். ஆனாலும் தம் கவிதையோடு அவர் நிறைவு அடையவில்லை. பெயரில்லாத பெண்கள் பாடியவற்றைத் தேடித் தொகுத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டிலே மறைந்தார். தோட்டத்திலே பிறந்த ஒரு கவிஞர், தம்முடைய வரிகளுக்கு முன்னோடியாகத் தம் மக்களின் பாட்டைக் கருதினார் என்பதற்கு அந்நூலே சான்று. சாரல் நாடன் 1988-இல் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூல், பெரிதும் மறக்கப்பட்டிருந்த நடேசய்யரின் பணியை மீண்டும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அவருடைய பெயரோடு மீனாட்சியம்மையின் பெயரும் இன்று நினைக்கப்படுகின்றது.

மலைநாட்டு மக்களின் வரலாற்றை எழுதுவோர் துரைமாரின் கணக்கேடுகளையும் அரசாங்க அறிக்கைகளையும் ஆராய்வது வழக்கம். அவற்றிலே எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை பேர், எத்தனை சதம் என்பன உண்டு. அந்தச் சதத்தைப் பெற்றவள் என்ன நினைத்தாள் என்பது அவற்றில் இல்லை. அது பாட்டிலே மாத்திரம் இருக்கின்றது. ஆகவே பாட்டை இழப்பது சான்றை இழப்பதாகும். வட்டவளையின் மழைச்சரிவுகளில் உழைத்து மூப்படைந்த தாய்மாரிடம் இன்னும் சில பாட்டுகள் எஞ்சியிருக்கக்கூடும். பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே கற்ற எழுத்தைக் கொண்டு பாட்டிமாரின் பாட்டைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், மீனாட்சியம்மை தொடங்கிய பணி தொடரும். பாடியவரின் பெயரையும் அவர்கள் பாட்டோடு சேர்த்தே எழுத வேண்டும். பெயரை மறைத்துப் பாட வேண்டிய காலம் கடந்துவிட்டது.