முத்து கொற்கையில், குடியிருப்பு மதுரையில்

மதுரையை அடுத்த நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து சமணர் மலை கூப்பிடு தூரம்தான். கீழக்குயில்குடிப் பக்கம் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் இருப்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். மலையின் இன்னொரு முனையில், முத்துப்பட்டிப் பக்கம் உள்ள குகைத்தளத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. சமணத் துறவிகள் படுத்துறங்க வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றோடு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. அதில் நாகபேரூர் என்று ஓர் ஊர் வருகிறது. அது இன்றைய நாகமலைப் புதுக்கோட்டைதான் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. கூடவே வரும் ஆளின் பெயரில் முசிறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காவிரிக் கரையிலும் ஒரு முசிறி இருப்பதால் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் யவனர் கப்பல்கள் வந்து நின்ற சேரநாட்டுத் துறைமுகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடல் வாடை வீசும் ஒரு பெயரைச் சுமந்த ஆள், கடலே கண்ணில் படாத இந்த மலையடிவாரத்தில் தர்மம் செய்திருக்கிறான்.

அவன் மட்டும் தனியாக வந்துவிடவில்லை. மதுரைக்கு வடகிழக்கே அழகர்மலைக் குகையில் கொடை கொடுத்தவர்களின் பட்டியலே இருக்கிறது. உப்பு வணிகன், பாகு விற்றவன், கொழு விற்றவன், துணி வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவையே கல்லில் எழுதி வைத்தது போல. பக்கத்து மாங்குளத்தில், வெள்ளறையைச் சேர்ந்த வணிகர் குழு ஒன்று பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்திலேயே சமணப் பள்ளி அமைக்கப் பணம் தந்திருக்கிறது. உப்பு விளைவது கடற்கரையில். அதை விற்றவன் காசு செலவழித்ததோ கடலிலிருந்து பல நாள் வண்டிப் பயணம் தள்ளியிருந்த மதுரையில். பாண்டிய நாட்டில் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு வசதி உள்ளவர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: பிழைப்பு கடலோரத்தில் இருக்கட்டும், வீடு உள்நாட்டில் இருக்கட்டும்.

இதை வெளியூர்க்காரர் ஒருவரும் கவனித்திருக்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, மேற்குக் கடற்கரையின் சந்தைகளைப் பற்றி எழுதும்போது, அந்தப் பகுதியை ஆளும் பாண்டியன் சந்தையிலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டில் உள்ள மதுரையில் இருக்கிறான் என்று குறித்து வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் பாண்டியனுக்கு உரிய முத்துக் குளிப்பு நடப்பதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் இறக்கப்பட்டதையும் சொல்கிறது. முத்துமாலை அணிந்த அரசனுக்கும் மூச்சடக்கி மூழ்கியவனுக்கும் நடுவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் இருந்தது.

அரசகுடும்பம் கடலைக் கைவிட்டுவிடவும் இல்லை. சிலப்பதிகாரக் கதையில் மதுரை எரிந்து நெடுஞ்செழியன் மாண்டபின் அரியணை ஏறும் வெற்றிவேற் செழியன் கொற்கையிலிருந்துதான் வருகிறான். தலைமை வீடு மதுரையில், இளவரசன் துறைமுகத்தில் என்பது ஆட்சி ஏற்பாடாகவே இருந்திருக்க வேண்டும். கொற்கையை ஒட்டி அக்கசாலை என்ற ஊர் இன்றும் இருக்கிறது. நாணயம் அடித்த சாலை அங்கே இருந்ததன் அடையாளம் அது.

ஏன் மதுரை? முதல் காரணம் நன்னீர். வைகை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறல்ல. வந்தபோது வரும் தண்ணீரைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கி வைக்கும் அறிவு இந்தச் சமவெளியில் வளர்ந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் நெல் விளைந்தது, நெல் விளைந்த இடத்தில் படையும் கோயிலும் சந்தையும் நிலைத்தன. கடலை நெருங்க நெருங்க இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 258 கிலோமீட்டர் ஓடும் வைகை பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துபோகிறது. வெள்ளம் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊரருகே கடலைப் பார்க்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கப்பல் கீறிய பானையோடும் கிடைத்தன. ஆற்றின் மேலே, மதுரைக்குச் சற்றுத் தள்ளியுள்ள கீழடியில் சூதுபவள மணிகளும் வெளிநாட்டுப் பாணிப் பானை ஓடுகளும் செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. ஒரே ஆற்றின் மேல்முனையும் கீழ்முனையும் இவை. சரக்கு இறங்கிய இடம் கீழே, அதை வாங்கி அனுபவித்த ஊர் மேலே.

இரண்டாவது காரணம் கடற்கரை நிலையாக நிற்பதில்லை என்பது. இதற்குக் கொற்கையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த கொற்கை இன்று கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். வாழவைத்த ஆறுதான் ஊரைக் கடலிலிருந்து பிரித்தது. ஆண்டுதோறும் அது கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கி, கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. 19ஆம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் இந்த வட்டாரத்தில் அகழ்ந்து பார்த்துத் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) எழுதினார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. அவ்வளவு பழைய துறைமுகம் எதிரி படையெடுப்பால் அழியவில்லை. கடல் விலகிப் போனதால் கப்பல் வராமல் போயிற்று, அவ்வளவுதான்.

கொற்கை தூர்ந்ததும் வணிகர்கள் கரையைத் தொடர்ந்து போய்க் காயலில் கடை விரித்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தபோது ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து அடையும் பெருந்துறை அது. அரபுக் குதிரைகள் அங்கே இறங்கி உள்நாட்டு அரசர்களின் லாயங்களுக்குப் போயின. பிறகு காயலையும் அதே வண்டல் மூடியது. இன்று அது பழையகாயல். அடுத்து முகத்துவாரத்திலேயே புன்னைக்காயல், அதன்பின் ஆற்றை விட்டு விலகி நின்ற தூத்துக்குடி. ஒரே தொழிலுக்காகத் துறைமுகம் இத்தனை முறை இடம் மாறியது. அதே இரண்டாயிரம் ஆண்டில் மதுரை அரசுகளை மாற்றியதே தவிர இடத்தை மாற்றவில்லை. திருமலை நாயக்கர்கூடத் திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்குத்தான் திருப்பிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் தவறு. கடலில் இறங்குகிறவன் கடலை விட்டுப் போக முடியாது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் கிறித்தவம் தழுவி போர்ச்சுகீசியரின் துணையைத் தேடிக்கொண்டதற்குத் தங்கள் கரையும் முத்துப் பாரும் கைவிட்டுப் போகக்கூடாது என்ற கவலை ஒரு பெரிய காரணம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டு அதிகாரிகளின் கெடுபிடி தாங்க முடியாமல் போனபோது, அவர்களில் பலர் தூத்துக்குடிக்கு எதிரே கிடந்த தீவுக்கே குடிபெயர்ந்து சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். ஆபத்து வந்தால் வேளாளன் உள்ளே ஓடுவான், இவர்கள் கடலுக்குள் ஓடினார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் வீட்டைக் கரையிலேயே வைத்துக்கொண்டன. உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர்தான். கப்பல் சொந்தமாக இருந்தவர்களுக்கு, கப்பல் தெரியும் இடம்தான் வீடு.

ஆனால் கரையில் வாழ்ந்தவர்கள் தண்ணீருக்காகப் பட்ட பாடு சொல்லி மாளாது. தூத்துக்குடி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய பஞ்சு ஏற்றுமதித் துறைமுகம். மதுரையிலிருந்து ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது, ஹார்வி நிறுவனத்தார் அங்கேயும் பிறகு மதுரையிலும் ஆலை வைத்தார்கள். வணிகம் பெருகிய அந்த ஊரில் குடத்துத் தண்ணீருக்குப் பஞ்சம். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து பிடிவாதமாக நின்று, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். திட்டம் 1927இல் நிறைவேறியது. ஊர் மக்கள் இன்றும் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்கிறார்கள். துறைமுகம் கட்டியவருக்கோ ஆலை வைத்தவருக்கோ கிடைக்காத பட்டம், குடிதண்ணீர் கொடுத்தவருக்குக் கிடைத்தது. கடலோரத்தில் குடியிருப்பது என்றால் என்ன என்பதை அந்த நன்றியே சொல்லிவிடுகிறது.

பிழைப்பு கடலில், வீடு உள்நாட்டில் என்ற வழக்கத்தின் உச்சம் நகரத்தார் என்னும் செட்டியார்களின் கதை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகம் செய்த தங்கள் முன்னோர் அந்த ஊரை விட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்து, இளையாற்றங்குடி முதலான ஒன்பது கோயில்களைச் சுற்றிக் குடியேறினார்கள் என்பது அவர்கள் மரபு. வந்து சேர்ந்தது செழிப்பான ஆற்றங்கரை அல்ல, செம்மண் மேடு. ஊருணி வெட்டி, முற்றத்தில் விழும் மழையைச் சேர்த்து வைத்துத்தான் அங்கே ஊர் நடத்த முடிந்தது. அவர்கள் கடலை மறக்கவில்லை. இலங்கை, மலேயா, பர்மா என்று கப்பல் ஏறினார்கள். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. ஐராவதி டெல்டாவில் அவ்வளவு வயலை வைத்திருந்தவர்கள் வீடு கட்டியது காரைக்குடியைச் சுற்றியுள்ள வறண்ட ஊர்களில்! உயரமான அடித்தளம், பர்மாத் தேக்குத் தூண்கள், தெருவுக்குத் தெரு நீளும் மாளிகைகள் எல்லாம் கடல் தாண்டி வந்த பணம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் திரும்பி வர அந்த வீடுகள் இருந்தன. ரங்கூனிலேயே மாளிகை எழுப்பியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்களின் பாதையும் இதே போலத்தான். அவர்கள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய வண்டிகளோடு வந்து, வழியில் பேட்டைகள் அமைத்து, சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் வேரூன்றினார்கள். விருதுநகருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை, கடலும் இல்லை. துறைமுகத்துக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் நடுவில் இருப்பதே போதுமான தகுதியாக இருந்தது. மகமை என்று ஒவ்வொரு வியாபாரத்திலும் எடுத்து வைத்த காசு பள்ளிக்கூடங்களாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. நாடார் மகாஜன சங்கம் நாகமலைப் புதுக்கோட்டையில் நடத்தும் எஸ்.வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி 1965இல் வந்தது. அடுத்த ஆண்டே மதுரைப் பல்கலைக்கழகம் உருவாகி, பின்னர் இதே தேனிச் சாலையில் பல்கலை நகரில் அமைந்தது. வாத்தியார்களும் அலுவலர்களும் மனை வாங்கி வீடு கட்டிய ஊர் என்ற இன்றைய முகம் அப்போது தொடங்கியது.

கல்லூரி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் கரையா உள்நாடா என்ற பழைய கணக்கின் கொடூரமான பக்கத்தைத் தமிழ்நாடு பார்த்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் இல்லாமல் போனது. ரயிலோடு பயணிகளும் மூழ்கினார்கள். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக, ரயில் நிலையமும் தபால் நிலையமும் கோயிலும் தேவாலயமும் கொண்ட ஊராக இருந்தது அது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் சிலர் அதே மணலில் குடிசை போட்டுத் திரும்பவும் வலை விரித்தார்கள்.

கடற்கரையில் கடல் தெரியும் மனைக்கு இன்று கூடுதல் விலை வைக்கிறார்கள். கடல் காட்சிப் பொருளான பிறகு வந்த விலை இது. காற்றும் உப்பும் புயலும் என்ன செய்யும் என்று தெரிந்த பழைய ஆட்கள் அந்த விலை கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் உள்நாட்டு ஊர்கள் தங்கள் செழிப்பில் கரை வாழ் மக்களுக்கு உள்ள பங்கை மறந்துவிட்டது நியாயமல்ல. மதுரையின் மாடமாளிகைகளைப் பாடியவர்கள் பலர். மன்னார் வளைகுடாவில் கல்லின் பாரத்தோடு இறங்கியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தபோது அவர்கள் தொழிலும் முடிந்தது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது இலங்கை குறுக்கே நின்றதால் தூத்துக்குடி, ராமநாதபுரக் கரைகள் பெரும்பாலும் தப்பின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதுவீடு தருவதாக அரசு சொன்னபோது, உள்நாட்டுக்காரர்களுக்கு அது மறுக்க முடியாத யோசனையாகத் தோன்றியது. மீனவக் குடும்பங்களோ தயங்கின. விடியற்காலையில் கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் படகு இறக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். படகையும் வலையையும் இயந்திரத்தையும் ஒருவர் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் படகு வரும் நேரத்தில் கரையில் இருந்தாக வேண்டும். பழைய மனையை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் நாளைக்கு விடுதி எழும்பும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது, அது வீண் பயமும் அல்ல. புதிய வீட்டின் சாவியை வாங்கிக்கொண்ட பிறகும் படகையும் வலைக்கொட்டகையையும் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டவர்கள் பல குப்பங்களில் உண்டு.