விளக்க அட்டை இல்லாத அரும்பொருளகம்



கண்காட்சிக்குப் போகும்போது நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? பெரும்பாலோர் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டையைத்தான் படிக்கிறோம். வரைந்தவர் யார், எந்த ஆண்டு, என்ன பொருள் என்று தெரிந்துகொண்ட பிறகே ஓவியத்தை நிமிர்ந்து பார்க்கிறோம். தொலைக்காட்சியிலும் இதே கதைதான். படம் தோன்றிய மறுநொடியே அதன் கீழ் விளக்கம் ஓடத் தொடங்கிவிடும். அந்த விளக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதைச் செய்து பார்த்த ஒரு தனியார் அரும்பொருளகத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவின் தலைநகர் ஹோபார்ட். அங்கே டெர்வென்ட் ஆற்றங்கரையில் மூரில்லா என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அவ்வூரில் பிறந்த டேவிட் வால்ஷ் அதை 1995ஆம் ஆண்டில் வாங்கினார். அவர் பரம்பரைச் செல்வந்தர் அல்லர். கணிதத் திறமையைச் சூதாட்டத்தில் பயன்படுத்திப் பெரும் பணம் சேர்த்தவர். பழம்பொருள்களுக்காக அவர் அங்கு நடத்திய சிறு காட்சிக்கூடம் 2006ல் மூடப்பட்டது. அதே இடத்தில் 2011 ஜனவரியில் ‘மோனா’ திறக்கப்பட்டது. பழைய கலைக்கும் புதிய கலைக்குமான அரும்பொருளகம் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

உலகின் பல அரும்பொருளகங்கள் உயர்ந்த படிகளும் தூண்களுமாகக் கம்பீரமாக நிற்கும். நமது தேசிய கலைக்கூடமும் பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும்தான் 2015ல் திறக்கப்பட்டது. அத்தகைய தூண்கள் நம்மைச் சற்று அடங்கி நடக்கச் சொல்கின்றன. மோனாவைக் கட்டிய கட்டடக் கலைஞர் நொண்டா கட்சாலிடிஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். கட்டடத்தின் பெரும்பகுதி மணற்பாறையைக் குடைந்து நிலத்துக்கு அடியில் அமைந்திருக்கிறது. வருகையாளர் முதலில் கீழே இறங்கிவிட்டு, பிறகு பார்த்துக்கொண்டே மேலே வரவேண்டும். சுவரில் விளக்க அட்டை கிடையாது. வேண்டுவோர் மட்டும் கையடக்கக் கருவியில் விவரம் படிக்கலாம். ஒரு படைப்பு பிடித்திருக்கிறதா இல்லையா என்றும் அதிலேயே சொல்லலாம்.

இது வெறும் விளம்பர உத்தியா? அங்கு நடந்த கண்காட்சிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 2012ல் பிரெஞ்சுக் காட்சி அமைப்பாளர் ழான் உபேர் மார்தான் ‘உலக அரங்கம்’ என்ற கண்காட்சியை அமைத்தார். காலவரிசை, நாட்டுவரிசை எதுவும் பார்க்காமல், பசிபிக் தீவுகளின் மரப்பட்டைத் துணிகளையும் எகிப்தியப் பழம்பொருள்களையும் இக்காலப் படைப்புகளையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். எது கலை, எது வெறும் பழம்பொருள் என்று பிரித்தது யார் என்பதே அதன் கேள்வி. 2016ல் ‘கலையின் தோற்றம்’ என்ற கண்காட்சி வந்தது. மனிதன் ஏன் கலை படைக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கலை வல்லுநர்களிடம் கொடுக்கப்படவில்லை. உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் உள்ளிட்ட நான்கு அறிஞர்கள் ஆளுக்கொரு பகுதியை அமைத்தார்கள். கலை என்பது மயில்தோகை போல இணையைக் கவர வந்தது என்றார் ஒருவர். அது மனத்தின் விளையாட்டு என்றார் மற்றொருவர். முடிவு பார்வையாளரிடம் விடப்பட்டது.

இந்தத் துணிச்சல் அரசாங்கக் கூடங்களுக்கு எளிதில் வராது. கிறிஸ் ஓஃபிலி 1996ல் யானைச் சாணத்தையும் சேர்த்துப் படைத்த ‘புனித கன்னி மரியாள்’ ஓவியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999ல் நியூயார்க்கின் புரூக்ளின் அரும்பொருளகம் அதைக் காட்சிக்கு வைத்தபோது, மேயர் ரூடி ஜூலியானி நகராட்சி மானியத்தையே நிறுத்த முனைந்தார். நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. பின்னர் அதே ஓவியம் வால்ஷிடம் வந்து மோனாவில் தொங்கியது. மானியத்தை வெட்டுவேன் என்று மிரட்ட அங்கே யாரும் இல்லை.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2015ல் லண்டன் ஏலத்தில் அந்த ஓவியம் 2.9 மில்லியன் பவுண்டுக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் விற்க முடிவு செய்துவிட்டால், அதைப் பார்த்துப் பழகிய ஊர்மக்கள் கேள்வி கேட்க முடியாது. 2018ல் அது நன்கொடையாக நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தைச் சென்றடைந்தது. எந்த நகரின் மேயர் அதை எதிர்த்தாரோ, அதே நகரில் இப்போது அது இருக்கிறது!

அடுத்து வந்தது நம்பிக்கை பற்றிய சோதனை. 2020ல் வால்ஷின் மனைவியும் கலைஞருமான கிர்ஷா கேச்சல் மோனாவில் ‘பெண்கள் அறை’ என்ற படைப்பை அமைத்தார். பெண்கள் மட்டுமே உள்ளே போகலாம். ஆஸ்திரேலிய மதுக்கூடங்களில் பெண்களை ஒதுக்கி வைத்த பழைய வழக்கத்துக்கு அது பதிலடி. அனுமதி மறுக்கப்பட்ட ஓர் ஆடவர் புகார் கொடுத்தார். ஆண்களையும் அனுமதிக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பாயம் கூறியது. அந்த உத்தரவை டாஸ்மேனிய உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. இடையில், ஜூலை மாதத்தில், அறையிலிருந்த பிக்காசோ ஓவியங்கள் பிக்காசோவுடையவை அல்ல, தாமே வரைந்தவை என்று கிர்ஷா ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவை பிக்காசோவின் பெயரிலேயே காட்சியில் இருந்திருக்கின்றன.

இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே நியாயம்தான். விளக்கத்தை நம்பிப் பார்க்கும் நம் பழக்கத்தை அது அம்பலப்படுத்தியது உண்மை. அதே வேளையில், பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தவர் அவர்களிடம் உண்மை பேசவும் கடமைப்பட்டவர் அல்லவா? சொந்தப் பணம் கலைக்குச் சுதந்திரம் தருகிறது. பொறுப்பு தானாக வருவதில்லை. புகார் கொடுக்கும் பார்வையாளரும் விசாரிக்கும் நீதிமன்றமும் எழுதும் செய்தித்தாளும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவருகிறார்கள்.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு கண்காட்சிக்குப் போகும்போது, அட்டையைப் படிக்கும் முன் ஒரு நிமிடம் படைப்பை மட்டும் பாருங்கள். என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பிறகு அட்டையைப் படியுங்கள். அது சொல்வது சரிதானா என்றும் கேளுங்கள்.