காற்றைக் கையாண்ட கைகள்
ஒல்லாந்து நாட்டுக் காற்றாலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தை 1658இற் கைப்பற்றி 1795 வரை ஆட்சிசெய்த ஒல்லாந்தர் ஈழத்தில் விட்டுச்சென்ற சின்னங்கள் கல்லாலும் எழுத்தாலும் சொல்லாலும் ஆனவை. அகழி சூழ்ந்த கோட்டை, 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட ‘கந்தோர்’ முதலிய சொற்கள் ஆகியன அவற்றுட் சில. இத்தகைய சின்னங்கள் தம்மை ஆக்கியோர் மறைந்த பின்னரும் நிற்கும் இயல்புடையன. கோட்டை நிற்பதற்குக் கொத்தனின் கை நாள்தோறும் வேண்டுவதில்லை.

ஆனால் ஒல்லாந்தர் தம் சொந்த நாட்டில் ஆக்கியவற்றுள் அந்நாட்டின் அடையாளமாகவே கருதப்படும் ஒன்று இவ்வியல்புக்கு மாறானது. அதுவே காற்றாலை. மின்சாரம் பிறப்பிக்கும் இக்காலக் காற்றாடிகளன்றி, தானியம் அரைக்கவும் மரம் அரியவும் நீர் இறைக்கவும் பயன்பட்ட பழைய ஆலைகளே இங்குக் குறிக்கப்படுகின்றன. ஆட்டுவிப்பார் இல்லாத காற்றாலை அழியத் தொடங்குகின்றது. எனவே ஆலையைக் காத்தல் என்பது ஆலையாளரின் கலையைக் காத்தலேயாகும். இவ்வுண்மையை ஒல்லாந்தர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். எனினும் முற்றாகப் பிந்திவிடவில்லை. அவர்கள் அதனை உணர்ந்த வரலாற்றை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றும் உடைமையும்

நெதர்லாந்து என இன்று வழங்கும் அந்நாட்டின் ஒரு பகுதி கடல்மட்டத்திலும் தாழ்ந்தது. ஆறுகளின் கழிமுகத்தில் அமைந்த சதுப்புநிலத்தை அணைகட்டி, நீரை இறைத்து வெளியேற்றியே மக்கள் அங்கு நிலைபெற்றனர். விழுநீரில் ஆற்றல் பெற மலையருவிகள் இல்லாத அச்சமவெளியில் இயற்கை தாராளமாக வழங்கிய ஆற்றல் காற்று ஒன்றேயாகும்.

எனினும் அக்காற்றும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. நிலமானிய முறை நிலவிய காலத்திற் காற்றின் மீதான உரிமை நிலப்பிரபுவுக்கே உரியதாகக் கருதப்பட்டது. ஆலை நிறுவ விரும்பியவன் அப்பிரபுவிடம் அனுமதி பெற்று ஆண்டுதோறும் காற்றுக்கு வரி செலுத்த வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலமானிய உரிமைகள் ஒழிக்கப்படும் வரை இவ்வழமை நீடித்தது. கண்ணுக்குப் புலப்படாத காற்றும் உற்பத்திச் சாதனமாகியதும் உடைமைப் பொருளாகியது என்பது சமூக வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ள வேண்டியதொன்றாகும்.

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் வணிக மூலதனம் காற்றாலையைப் பெருமளவிற் பயன்படுத்தியது. அம்ஸ்ரடாம் வணிகரின் முதலீட்டுடன் பீம்ஸ்டர் என்னும் ஏரி 1612இல் வற்றச்செய்யப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகள் அப்பணியில் ஈடுபட்டன. ஓர் ஆலையின் இறைப்புச்சில்லு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்துக்கே நீரை ஏற்றவல்லது. ஆதலால் ஆலைகளைப் படிப்படியாக நிறுத்தி, ஒன்று ஏற்றிய நீரை அடுத்தது வாங்கி மேலும் ஏற்றுமாறு அமைத்தனர்.

நீர் இறைத்தலோடு காற்றாலையின் பணி நிற்கவில்லை. கோர்னெலிஸ் கோர்னெலிஸ்சூன் என்பவர் 1593இல் மரம் அரியும் காற்றாலைக்கு உரிமம் பெற்றார். சுழலும் அச்சின் இயக்கத்தை மேலும் கீழுமாகச் செல்லும் வாளின் இயக்கமாக மாற்றும் வளைவச்சு அதன் உயிர்நாடியாகும். கைவாளால் நெடுநாள் அரிய வேண்டிய மரங்களை இவ்வாலை விரைவில் அரிந்து தள்ளியது. சான் ஆற்றுப் பகுதியில் மட்டும் ஒருகாலத்தில் ஏறத்தாழ 600 ஆலைகள் மரம் அரிந்தும் எண்ணெய் பிழிந்தும் சாயக்கட்டைகளைப் பொடியாக்கியும் தாள் செய்தும் இயங்கின. ஒல்லாந்தரின் கப்பற்றொழிலுக்கு இவ்வாலைகள் தந்த பலம் சிறிதன்று.

நீராவியின் வருகை

காற்றாலையின் வீழ்ச்சியை இரண்டு எண்களால் விளக்கலாம். ஆலை அமைப்பிற் புகழ்பெற்ற லேக்வாட்டர் என்பவர் ஹார்லெம் ஏரியை வற்றச்செய்ய 1641இல் ஒரு திட்டம் வெளியிட்டார். அதற்கு 160 காற்றாலைகள் வேண்டுமென அவர் கணித்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1849க்கும் 1852க்கும் இடையில், அவ்வேரியை வற்றச்செய்தவை மூன்று நீராவி இறைப்பு நிலையங்களே. அவற்றுள் ஒன்றுக்கு லேக்வாட்டரின் பெயரையே சூட்டினர். காற்றாலைக் காலத்துக்கு அளிக்கப்பட்ட மரியாதையான விடை என இதனைக் கொள்ளலாம்.

அதன் பின்னர் நீராவியும், டீசலும், மின்சாரமும் அடுத்தடுத்து வந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 10,000 ஆக இருந்த ஆலைகளுள் இன்று எஞ்சியிருப்பன ஏறத்தாழ 1,200 மட்டுமே. காற்று வீசும்வரை காத்திருக்கும் ஆலையாளர், வேண்டியபோது இயங்கும் பொறியோடு போட்டியிட முடியவில்லை. பிள்ளைகள் தந்தையரின் தொழிலை விட்டு நீங்கினர். ஆலைகள் விறகுக்கும் பழைய செங்கல்லுக்கும் விலைபோயின.

லெய்டன் நகரின் ஆலை

இம்மாற்றத்தை ஒரே கட்டடத்திற் காண விரும்புவோர் லெய்டன் நகருக்குச் செல்லலாம். 1575இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தாற் புகழ்பெற்ற நகரம் அது. யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்து அந்நாட்டைப் பற்றி நூலெழுதிய பல்தேயு பாதிரியார் இறையியல் பயின்றதும் அங்கேயே. ஓவியர் றெம்பிரான்ட் 1606இல் அந்நகரில் ஓர் ஆலையாளரின் மகனாகவே பிறந்தார்.

நகரின் பழைய மதில் இருந்த இடத்தில் ‘வல்லூறு’ எனப் பொருள்படும் பெயருடைய ஆலை உயர்ந்து நிற்கின்றது. 1743இற் செங்கல்லாற் கட்டப்பட்ட இவ்வாலை ஏழு மாடிகளைக் கொண்டது. சூழவுள்ள வீடுகளின் கூரைக்கு மேலாகக் காற்றைப் பிடிக்க வேண்டியிருந்தமையே இவ்வுயரத்துக்குக் காரணம்.

உள்ளே நுழைவோர் முதலிற் காண்பது ஆலையாளரின் குடும்பம் வாழ்ந்த அறைகளை. அடுப்பங்கரையும் படுக்கையும் மேலே சுழலும் பொறியின் கீழேயே அமைந்தன. வீட்டையும் தொழிலகத்தையும் பிரிக்காத பழைய உற்பத்தி முறையின் சான்று இது. செங்குத்தான படிகளில் ஏறினால் தானியம் வைத்த தளங்களும் திரிகற்களும் புலப்படும். வெளியே கோபுரத்தைச் சுற்றி ஒரு மரமேடை உண்டு. அங்கிருந்தே ஆலையாளர் இறக்கைகளிற் பாய் விரிப்பார். ஆலையின் தலையைக் காற்றுவரும் திசைக்குத் திருப்புவதும் அங்கிருந்தே. எல்லாவற்றுக்கும் மேலே, கிடையாகக் கிடக்கும் பேரச்சும் அதனைத் தழுவிய பெருஞ்சில்லும் உள்ளன.

இவ்வாலையின் கடைசித் தொழில்முறை ஆலையாளர் 1964இற் காலமானார். ஆலை 1966இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கிடையில் நிகழ்ந்ததென்ன? கட்டடம் காப்பாற்றப்பட்டது; திரிகல்லும் சில்லும் காப்பாற்றப்பட்டன. ஆயின் எந்த முகிலைக் கண்டதும் பாயைச் சுருட்ட வேண்டும், எந்த ஓசை கேட்டதும் கல்லை உயர்த்த வேண்டும் என்ற அறிவு ஒரு மனிதரோடு மறைந்தது. அதே காலத்தில் அந்நாடெங்கும் இதுவே நிகழ்ந்துகொண்டிருந்தது.

காப்பு முயற்சியின் மூன்று கட்டங்கள்

காற்றாலைகளைக் காக்க எழுந்த முயற்சிகளை மூன்று கட்டங்களாக வகுத்து நோக்கலாம்.

முதற்கட்டம் பொருளாதாரக் காப்பு எனத்தக்கது. 1923இல் ‘ஒல்லாந்து ஆலை’ என்னும் பெயரில் ஒரு சங்கம் தோன்றியது. ஆலையின் ஆற்றலைக் கூட்டிப் பொறியோடு போட்டியிடச் செய்தால் உரிமையாளர் அதனை இடிக்கமாட்டார் என்பது அதன் தொடக்ககால நம்பிக்கை. இறக்கைகளின் வடிவம் திருத்தப்பட்டது. புதிய முறைகள் ஆராயப்பட்டன. அம்முயற்சி ஆலைகள் சிலவற்றின் ஆயுளை நீட்டியதேயன்றிப் போட்டியில் வெல்லவில்லை. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது ஆலைகள் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டன. போர் முடிந்ததும் மீண்டும் கைவிடப்பட்டன.

இரண்டாங்கட்டம் சட்டக் காப்பு. 1961இல் இயற்றப்பட்ட நினைவுச்சின்னச் சட்டம் ஆலைகளை இடிப்பதிலிருந்து காத்தது. பழுதுபார்க்கப் பொதுப்பணமும் கிடைத்தது. ஆனால் பழுதுபார்க்கப்பட்ட ஆலைகள் அசையாது நின்றன. அசையாத ஆலையின் மீது மழைநீர் ஒரே பக்கத்தில் ஊறுகின்றது. இறக்கைகளின் பாரம் அச்சின் ஒரே இடத்தில் அழுத்துகின்றது. மரத்தைப் புழு அரிக்கின்றது. சட்டம் ஆலையை இடிப்போனைத் தடுக்கலாம். உளுத்தலைத் தடுக்க அதனால் இயலாது.

மூன்றாங்கட்டமே ஆலையாளர் காப்பு. 1972இல் தொண்டர் ஆலையாளர் சங்கம் அமைக்கப்பட்டது. ஆசிரியர், எழுதுவினைஞர், மாணவர் எனப் பல தொழிலினரும் ஊதியமின்றி ஆலையை இயக்கப் பயில முன்வந்தனர். எஞ்சியிருந்த தொழில்முறை ஆலையாளர் தமக்குத் தெரிந்ததைக் கற்பித்தனர். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருப்பின் கற்பிப்போர் இருந்திருக்கமாட்டார். இத்தொழிலின் வரலாற்றில் 1972ஆம் ஆண்டின் சிறப்பு அதுவே.

ஆலையின் ஒருநாள்

தொண்டராக விரும்புவோர் பொதுவாகக் குறைந்தது 150 மணித்தியாலம், ஓராண்டுக்குக் குறையாது, ஆலையில் நின்று பயில வேண்டும். எல்லாப் பருவங்களின் காற்றையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வோராண்டு நியதியின் காரணம். பின்னர் தேர்வுக்குத் தோற்ற வேண்டும். வானிலை அத்தேர்வின் இன்றியமையாப் பகுதி. இடிமுகில் அணுகுமுன் பாயைச் சுருட்டத் தவறினால் ஆலை கட்டுமீறி ஓடும். பெருஞ்சில்லைச் சுற்றிய மரத்தடுப்பு அவ்வேகத்தைத் தாங்காது உராய்ந்து தீப்பற்றவும் கூடும். பழைய ஆலைகள் பல இவ்வாறே எரிந்தன.

ஆலை இயங்கும் நாட்களிற் பல ஆலைகளில் நீலநிறக் கொடி ஏற்றப்படும். பார்வையாளர் உள்ளே வரலாம் என்பது அதன் பொருள். 1973 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் தேசிய ஆலைநாளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் இவ்வாறு திறந்திருக்கும். வருவோர் முன் தொண்டர் முதலில் வானத்தை நோக்குகின்றார். தலையைக் காற்றுக்குத் திருப்பி, சங்கிலியாற் பிணித்து, இறக்கையில் ஏறிப் பாயை விரிக்கின்றார். மரப்பற்களுக்குத் தேன்மெழுகு பூசுகின்றார். தடுப்பை விடுவிக்கும்போது முழுக்கட்டடமும் மெல்ல அதிர்கின்றது. நிமிடத்துக்கு எத்தனை இறக்கைகள் கடந்துசெல்கின்றன என எண்ணி வேகத்தை அறிகின்றார். 60 இறக்கைகள் கடந்தால் அச்சு 15 முறை சுழன்றது என்பது கணக்கு. அவ்வெண்ணிக்கையைக் கேட்டுநிற்கும் சிறுவருள் ஒருவர் பிற்காலத்தில் பயிற்சிக்கு வரலாம். சங்கத்தின் எதிர்காலம் அதிலேயே தங்கியுள்ளது.

ஆலையின் மொழியும் இவ்வாறே காக்கப்படுகின்றது. ஓர் இறக்கை உச்சியை அடைவதற்குச் சற்று முன் நிறுத்தப்படின் அது மகிழ்ச்சியின் அடையாளம். உச்சியைச் சற்றுக் கடந்தபின் நிறுத்தப்படின் துக்கத்தின் அடையாளம். 2014 ஜூலையில் ஒல்லாந்தர் பலருடன் பயணித்த விமானம் உக்ரெயின் வானில் வீழ்த்தப்பட்டபோது, நாடெங்கும் ஆலைகள் துக்கநிலையில் நிறுத்தப்பட்டன. பழம்பொருளாகக் கருதப்பட்ட ஒன்று சமுதாயத்தின் துயரைப் பேசவல்லதாக அன்றும் இருந்தது.

மதிப்பீடு

இம்முயற்சியின் எல்லையையும் மறைத்தலாகாது. அன்றைய ஆலையாளர் உணவுக்காக உழைத்தார். காற்று நள்ளிரவில் எழுந்தால் அவரும் எழுந்தார். இன்றைய தொண்டருக்கு ஊதியம் வேறிடத்திலிருந்து வருகின்றது. அவர் சனிக்கிழமையிலே ஆலைக்கு வருகின்றார். பிழைப்பின் நெருக்கடியில் உருவான கலை ஓய்வுநேரக் கலையாகும்போது அதன் சமூகப் பொருள் மாறுகின்றது. இயங்கும் ஆலையைக் கண்டு களிப்போர், வரி செலுத்திய ஆலையாளரின் வறுமையையும் மாப்புழுதி நிறைந்த அவரது மூச்சையும் மறந்துவிடவும் கூடும்.

எனினும் வேறு வழி எது? கைவினை அறிவு நூலில் முழுமையாக அடங்குவதன்று. கல் சரியாக அரைக்கின்றதா என்பதை ஆலையாளர் மாவை விரல்களிடையே தேய்த்து அறிகின்றார்; அவ்விரலின் உணர்வை எவ்வாறு எழுதிவைப்பது? அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கே செல்லவல்லது. யுனெஸ்கோ நிறுவனம் 1997இற் கிண்டர்டைக் என்னுமிடத்து 19 ஆலைகளை உலக மரபுரிமையாக ஏற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், காற்றாலையையும் நீராலையையும் இயக்கும் ஆலையாளரின் கைவினையையே மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. முதலிற் பொருள், பின்னர் அறிவு என்ற இவ்வொழுங்கு, மேலே கூறிய கட்டங்களின் வரிசையையே ஒத்திருத்தல் நோக்கற்பாலது.

பிரபுவின் உடைமையாயிருந்து வணிகரின் கருவியாக மாறிய காற்று, நீராவியின் முன் மதிப்பிழந்து, இன்று ஊதியம் கருதாத சிலரின் கைக்கு வந்துள்ளது. ஈழத்துக் கரையில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டைச் சுவர்கள் அவர்களின்றியே நிற்கின்றன. அவர்களது ஆலைகள் நிற்பதோ, சனிக்கிழமைக் காலையில் ஒருவர் வந்து வானத்தை அண்ணாந்து நோக்கிப் பாயை விரிக்கும்வரை மட்டுமே.