ஜார்ஜ் டவுனில் வழி கேட்பது

ஜார்ஜ் டவுனை நடந்தே பார்த்துவிடலாம். பழைய நகரம் அவ்வளவு சிறியது. வெயில் தாங்கவில்லையென்றால் அஞ்சடியில் ஏறிக்கொள்ளலாம். கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கே போகிறோம் என்பதில் சிக்கல் இல்லை. போகிற இடத்தை எந்தப் பெயரால் கேட்பது என்பதில்தான் இருக்கிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கி, ஓர் ஐரோப்பிய நகரத்துக்குக் கோடு போட்டார். வடக்கே லைட் தெரு, கிழக்கே பீச் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு. ஒன்று அவர் பெயர், இன்னொன்று லண்டனில் இருந்த பிரதமர் பெயர். நகரத்துக்கே மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தால் வெல்ட் கீயில் இறங்குவீர்கள். உள்ளே நடந்தால் பீச் தெரு வரும், ஆனால் பீச் இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். பழைய தெருக்களைப் புதுக் கரைவரை நீட்டி, அந்தத் துண்டுகளுக்குக் 'காட்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் படித்துறையை வடக்கே அழைக்கும் அதே சொல். 'காட் லெபோ சைனா' என்று இன்றும் பலகையில் பார்க்கலாம்.

பிட் தெருவின் இன்றைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். எல்லா வழிகாட்டிகளும் முதலில் அனுப்புவது அங்கேதான். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாம் ஒரே வரிசையில். மகா மாரியம்மன் கோவிலும் உண்டு. 1833இல் எழுந்த அந்தக் கோவில் இந்தத் தெருவுக்கு முதுகைத்தான் காட்டும். கோபுரத்தைப் பார்க்க அடுத்த தெருவுக்கு, குயின் தெருவுக்கு, சுற்றிப் போகணும்.

இந்தத் தெருக்களில் தமிழரைச் சொல்லும் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் அடுத்தவர் வாயால் வந்தவை. தமிழரை 'மலபார்' என்றது ஐரோப்பியர் வழக்கம். மலபார் தெரு பிறகு சூலியா தெரு ஆனது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல் அது. பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீனுக்குக் கிடைத்த பட்டம் 'கப்பித்தான் கெலிங்'. அன்றைக்கு அது பதவி. இன்றைக்கு ஒருவர் நம்மைப் பார்த்து 'கெலிங்' என்றால் சண்டை வரும். இப்போது மார்க்கெட் தெருப் பக்கம் சுற்றுலாப் பலகை 'லிட்டில் இந்தியா' என்கிறது.

பெயரே கிடைக்காதவர்களும் உண்டு. வங்காளம், சென்னை முதலிய இடங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்தான் இங்கே சாலை போட்டவர்கள். 1796இல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களிலும் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. எந்தத் தெருவும் அவர்களைச் சொல்லாது.

தமிழர்கள் தாங்களாக வைத்த பெயர்களும் சில உண்டு. மார்க்கெட் தெரு 'கடைத்தெரு'. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போய்ச் சேரும் வாட்டர்ஃபால் பகுதி 'தண்ணீர்மலை'. ஆட்சியாளர் யாரையும் புகழாத பெயர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்பவை.

சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி ஒரு பெரியவரிடம் "லெபோ பாசார் எங்கேங்க?" என்று கேட்டார். "கடைத்தெருவா தம்பி? நீங்க நிக்கிறதே கடைத்தெருதான்."

2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இடிபடாமல் தப்பிய சுவர்கள் பல. பெயரைக் காப்பதற்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை, நாலு பேர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கணும். அதனால் பினாங்குக்கு வந்தால் கைபேசியைச் சற்று நேரம் பையில் வையுங்கள். "கடைத்தெருவுக்கு எப்படிப் போறது?" என்று தமிழிலேயே கேளுங்கள். இளசுகள் முழிக்கலாம். மாலைக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் கட்டாயம் கையை நீட்டுவார்.