நிலம் வந்தது, கணக்குப் புத்தகம் வரவில்லை

காஞ்சிபுரம் பக்கத்து வரலாறு என்றால் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டையும் திருப்புட்குழி பெருமாள் கோயிலையும் காட்டுவார்கள். குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கல்வெட்டின் நிபந்தனைகளில் ஒன்று. நிலமில்லாதவருக்கு ஓலையிலும் இடமில்லை. நிலமும் பதிவும் இந்த மண்ணில் அவ்வளவு காலமாக ஒரே கையில் இருந்திருக்கின்றன.

திருப்புட்குழியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் 19ஆம் நூற்றாண்டில் மிராசுதார் வைத்ததே சட்டம். பறையர் ஒருவர் தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனு போட்டால், அதை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை மிராசுதாருக்கு. குடிசை போட்டிருந்த மனைகூட தன்னுடையது என்று சொல்லி அவரால் விரட்ட முடிந்தது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகள் தாங்கள் பணிசெய்த ஊர்களின் நிலைமையை எழுதி அரசிடம் முறையிட்டார்கள். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் தன் அறிக்கையை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. அப்படி வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

நிபந்தனை இவ்வளவு கறாராக இருந்தும் நிலம் எப்படிக் கைமாறியது? கடன், மிரட்டல், போலிப் பத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் அடிப்படை ஒன்று. நிலம் சேரிக்கு வந்தது. கணக்குப் புத்தகம் ஊரில் கர்ணத்தின் வீட்டிலேயே இருந்தது. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல்தான் ஒழிந்தது. அதுவரை யார் நிலம் யார் பெயரில் ஏறுகிறது என்பதை நம் மக்கள் பார்க்கவே முடியவில்லை.

1994இல் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 'இது எங்கள் நிலம்' என்று சொன்னதற்குக் கொடுத்த விலை அது.

இன்று தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கலாம். ஆனால் நம் கையில் வருவதெல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஓர் இளைஞர் மன்றத்திடம் 'அ' பதிவேட்டின் நகல், மகளிர் குழு ஒன்றிடம் பாட்டி காலத்துப் பட்டாவும் கிஸ்தி ரசீதும், இன்னொரு அமைப்பிடம் வில்லங்கச் சான்று. மறு அளவையில் சர்வே எண் மாறியிருந்தால் இவற்றில் எதுவுமே தனியாக நிலத்தைக் காட்டாது. பழைய எண், புதிய எண், பரப்பு, நிபந்தனைக் குறிப்பு, இன்றைய பட்டாதாரர் என்று ஒரே அட்டவணையில் சேர்த்தால்தான் ஒரு கிராமத்தின் கதை முழுதாகத் தெரியும். பத்து கிராமத்து அட்டவணையை ஒன்றாக வைத்தால் தாசில்தாரால் 'தனிநபர் தகராறு' என்று தள்ளிவிட முடியாது.

அமைப்புகளுக்குள் போட்டி இருக்கிறது, கட்சி வேறுபாடு இருக்கிறது. இருக்கட்டும். கொடிகளைச் சேர்க்கச் சொல்லவில்லை, கோப்புகளைச் சேர்க்கச் சொல்கிறேன்.

தோழர்களே, ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சர்வே எண்ணை எல்லோரும் பார்க்கலாம். உரிமை கோரும் குடும்பத்தின் பெயரையும் போன் நம்பரையும் அப்படி விடக் கூடாது. அவர்கள் நாளைக்கும் அதே ஆண்டையின் வயலில் கூலிக்குப் போக வேண்டியவர்கள். அவர்களைக் கேட்காமல் எதையும் பகிராதீர்கள். தொகுத்ததன் ஒரு பிரதியை அந்தச் சேரியிலேயே வையுங்கள். 1892இல் நமக்கு விட்டுப்போனது அந்தப் பிரதிதான்.

ஜெய்பீம்.