நித்திரையை விரட்டிய குளிசை

போன மாதம், 12ஆம் வகுப்புப் படிக்கும் என் மருமகள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, அந்தப் படிப்புக் குளிசை உண்மையாவே வேலை செய்யுமா?" அவளுடைய வகுப்பில் யாரோ வைத்திருக்கிறார்களாம்.

"தொடாதே" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பொறியியல் முதுகலை படித்த காலத்தில், சோதனைக்கு முதல்நாள் இரவு நானே ஒன்றை விழுங்கியிருக்கிறேன். கவனக்குறைபாடு உள்ள இன்னொருவனுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்து அது. எனக்கோ ஒரு வருத்தமும் இல்லை. பிறகு ஏன் எடுத்தேன்? இதற்குப் பதில் சொல்ல, பழைய கதைக்குப் போகவேண்டும்.

அம்பெற்றமினை முதன்முதலில் தயாரித்தவர் எடெலியானு என்ற இரசாயனவியலாளர். இடம் பெர்லின், ஆண்டு 1887. அப்போது அதற்கு ஒரு பயனும் தெரியவில்லை. 1930களில்தான் அமெரிக்காவில் 'பென்செட்ரின்' என்ற பெயரில், மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகக் கடைக்கு வந்தது. பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காக மாணவர்களுக்கு இதைக் கொடுத்தார்கள். நித்திரை வராது என்ற செய்தி பரவியது. 1937இலேயே மாணவர்கள் சோதனைக்கு விழித்திருக்க இதைத் தேடி வாங்கினார்கள்.

அடுத்த வருடம் ஜேர்மனியில் 'பெர்விற்றின்' விற்பனைக்கு வந்தது. இது மெதம்பெற்றமின். 1940இல் பிரான்ஸ் மீது படையெடுத்த காலத்தில், சில மாதங்களுக்குள் சுமார் 3 கோடி 50 லட்சம் குளிசைகள் படைக்கு அனுப்பப்பட்டன. பிற்காலத்தில் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹைன்றிஷ் பொல், அப்போது படைவீரர். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விற்றின் அனுப்பும்படி கேட்டார். அடிமையாகும் ஆபத்து தெரிந்ததும், 1941இல் ஜேர்மன் அரசே கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜப்பானில் 'பிலோபொன்' என்ற பெயரில் இதே மருந்து போருக்குப் பிறகு மக்களிடையே பரவியது. 1951இல் அங்கும் தடைச்சட்டம் வந்தது.

படைவீரருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கணித மேதை போல் ஏர்டிஷ்? 1979இல் அவருடைய நண்பர், ஒரு மாதம் அம்பெற்றமின் இல்லாமல் இருக்கமுடியுமா என்று 500 டொலர் பந்தயம் கட்டினார். ஏர்டிஷ் வென்றார். ஆனால் அந்த மாதம் முழுக்க வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், கணிதமே ஒரு மாதம் பின்தங்கிவிட்டதாகவும் சொல்லிவிட்டு, மீண்டும் குளிசைக்குத் திரும்பினார். அது இல்லாமல் தன்னால் முடியாது என்று நம்பிவிட்டார்.

அந்த நம்பிக்கை சரியா? 2023இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், ஆரோக்கியமான 40 பேருக்கு இப்படியான மருந்துகளைக் கொடுத்து ஒரு புதிர் கொடுத்தார்கள். குறிப்பிட்ட எடைக்குள் பெறுமதியான பொருட்களைத் தெரிந்து பையை நிரப்பவேண்டும். கணினி படித்தவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். மருந்து எடுத்தபோது அதிக நேரம் முயன்றார்கள், பொருட்களை அதிகம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் பையின் பெறுமதி குறைந்தது. முயற்சி கூடியது, அதன் தரம் இறங்கியது.

எனக்கும் அதுதான் நடந்தது. விடியும்வரை படித்தேன். நெஞ்சு படபடத்தாலும் எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. வினாத்தாள் வந்ததும் ஒரே கணக்கை முக்கால் மணித்தியாலம் மாற்றி மாற்றிச் செய்தேன். மற்றவற்றுக்கு நேரம் போதவில்லை.

உண்மையில் நான் பயந்தது பாடத்துக்கு அல்ல. பனியில் இரண்டு வேலை செய்து படிப்பித்த அம்மா அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லாமல் குளிசையை விழுங்கினேன்.

இவ்வளவையும் மருமகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்குக் கணக்குத்தான் பயம், மாமா" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாறன். கொப்பியை எடுத்து வை. இப்ப போய்ப் படு" என்றேன்.